‘இன்னிக்கு வேணாம் சார்’ – டி.ஜி.சி.ஏ.வுக்கு ஒரு தகப்பனின் திறந்த மடல்

பெறுநர்: தலைமை இயக்குநர், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், புது தில்லி.
நகல்: விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2025 நவம்பர் 13 அன்று எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு விமானம் ரோட்டில் இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம், செஸ்னா 172. திருச்சி – புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், கீரனூரை ஒட்டிய அம்மாசத்திரத்தில். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. விமானத்தின் முன்பக்கம் மட்டும் அடிபட்டிருந்தது. நட்டநடு ரோட்டில் விமானம் நின்றால் நம் சனம் சும்மா இருக்குமா? கொஞ்ச நேரத்துக்கெல்லாம் என் கைப்பேசிக்கு ஏழெட்டுப் படங்கள் வந்துவிட்டன. என் மச்சினர் ஒருவர் அதன் இறக்கைக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பி, “மாமா, உங்க பொண்ணு ஓட்டுறது இதானே?” என்று கேட்டிருந்தார்.

விமானி ஆகப் படிக்கிற என் பெண் ஓட்டுவதும் செஸ்னாதான். வேறொரு மாநிலத்தில், வேறொரு பள்ளியில். அன்று இரவு அவளே கூப்பிட்டாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாணவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் மூன்று காரணங்கள் உலவிக்கொண்டிருந்தனவாம். எரிபொருள் தீர்ந்தது என்று ஒருவர், இயந்திரம் நின்றுபோனது என்று இன்னொருவர், பையன் ஏதோ செய்துவிட்டான் என்று மூன்றாமவர். “இதுல எதுப்பா நிசம்? நாளைக்கு நானும்தானே போகணும்?” என்று கேட்டாள். பதில் என்னிடம் இல்லை. நாளைக்குள் அவளுக்குப் பதில் சொல்லக்கூடியவர் யாருமே இல்லை என்பதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, போர்மேனாக ஓய்வு பெற்றவன். விமானத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் மகள் படிக்கப் போன பிறகுதான். அவள் புத்தகத்தில் இயந்திரம் பற்றிய பகுதியை அவளைவிட நான்தான் ஆர்வமாகப் படித்தேன். ரோட்டோரத்து நிலம் அரை ஏக்கர் போனது; மீதிக்கு வங்கிக் கடன். மொத்தம் அரைக் கோடிக்கு மேல். இதைப் பெருமைக்கோ புலம்பலுக்கோ சொல்லவில்லை. இந்தப் பணத்துக்கும் பாதுகாப்புக்கும் இருக்கும் தொடர்பைப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அவள் சேர்வதற்கு முன்னால் நடந்தவற்றையும் பழைய செய்திகளில் தேடி எழுதிக்கொண்டேன். 2022 பிப்ரவரி 26: நாகார்ஜுன சாகர் பக்கமிருந்து கிளம்பிய செஸ்னா 152, நல்கொண்டா மாவட்டத்தில் துங்கதுர்த்தி கிராமத்து வயலில் விழுந்தது. தனியாகப் பறந்துகொண்டிருந்த பெண் இறந்துபோனார். சென்னையிலிருந்து படிக்கப் போனவர். அந்தப் பக்கத்தை நான் அதிகம் புரட்டுவதில்லை. 2023 சனவரியில் ரீவாவில் இரவுப் பயிற்சியின்போது மூடுபனிக்குள் ஒரு கோயில் கோபுரத்தில் மோதி, பயிற்றுநர் இறந்தார். மாணவர் காயத்தோடு தப்பினார். அதே ஆண்டு மார்ச் 18இல் பாலாகாட் மலைப்பகுதியில் பயிற்றுநரும் மாணவியும் இறந்தார்கள். அக்டோபரில் பாராமதி அருகே, ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள், 19ஆம் தேதி ஒன்று, 22ஆம் தேதி ஒன்று. 2024 ஆகஸ்ட் 20: ஜாம்ஷெட்பூர் சோனாரியிலிருந்து எழும்பிய செஸ்னா 152 சாண்டில் அணைக்குள் போய்விட்டது, விசாகப்பட்டினத்திலிருந்து கடற்படையினர் வந்து தேட வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 22: குஜராத்தில் அம்ரேலி ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே. அதுவும் தனியாகப் பறந்த பிள்ளைதான்.

இந்த நோட்டில் தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, விமானத்தின் வகை இருக்கிறது. ‘காரணம்’ என்று நான் கோடு போட்டு வைத்த கட்டம் மட்டும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. விசாரணை நடக்கவில்லை என்று குற்றம் சொல்லவில்லை. நடக்கிறது, அறிக்கையும் வருகிறது. ஆனால் அது வருகிற காலத்தில், அந்த விபத்தன்று வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உரிமம் வாங்கிக்கொண்டு வேறெங்கோ வேலைக்குப் போயிருப்பார்கள். அந்தப் பாடம் யாருக்கு உடனே தேவையோ அவர்களுக்குக் கிடைப்பது வாட்ஸ்அப்தான்.

இதில் எனக்குப் புதிதாகத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய விமான விபத்து என்றால் முப்பது நாளில் முதல்நிலை அறிக்கை என்கிறார்களே, அந்த விதி ஐ.நா.வின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அனெக்ஸ் 13இல் வருகிறது. அதற்குள் ஒரு எடைக் கோடு இருக்கிறது: 2,250 கிலோ. அதற்கு மேற்பட்ட விமானம் விழுந்தால் முதல்நிலை அறிக்கையை மற்ற நாடுகளுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குக் கீழே என்றால், விமானத்தின் பறக்கும் தகுதி சம்பந்தப்பட்டதாகவோ பிற நாடுகளுக்கும் பயன்படக் கூடியதாகவோ இருந்தால்தான். செஸ்னா 152, ஆளும் எரிபொருளும் ஏற்றி மேலே எழும்பக்கூடிய உச்ச எடையே 757 கிலோ. நம்மூர் டாடா ஏஸ் வண்டி சரக்கு இல்லாமல் நின்றாலும் இதைவிடக் கனம். ஆக, என் பெண் ஓட்டுகிற விமானம் அந்தக் கோட்டை எந்தக் காலத்திலும் எட்டப்போவதில்லை. கறுப்புப் பெட்டி கிடையாது. புது மாதிரிகளில் அளவுகளைக் காட்டும் மின்னணுத் திரையில் செருகிய ஒரு சின்ன எஸ்.டி. அட்டையில் கொஞ்சம் தகவல் பதிவாகும். பழைய 152இல் அதுவும் இல்லை. அந்த மாதிரியைத் தயாரிப்பதை 1985லேயே நிறுத்திவிட்டார்கள். அதனால், உள்ளே இருந்தவர்கள் போய்விட்டால் என்ன நடந்தது என்று சொல்ல எதுவும் மிச்சமிருப்பதில்லை. நடப்பதற்கு முன்னால் மாணவர்கள் சொல்வது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அவர்களால் சொல்ல முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

என் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எழும்புவதற்கு முன்னால் விமானத்தை நிறுத்தி வைத்து இயந்திரத்தை நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு ஏற்றி, இரண்டு மேக்னெட்டோக்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். தீப்பொறி கொடுக்கிற சாதனம் அது. ஒன்று போனாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு வரட்டும் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றை அணைத்தால் சுற்று கொஞ்சம் இறங்கும். 125க்கு மேல் இறங்கக் கூடாது என்பது கையேடு. அன்று 160 இறங்கியது. பிளக்கில் படிந்த அழுக்கு எரியட்டும் என்று காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைத்து ஓட விட்டு மறுபடி பார்த்திருக்கிறாள். அப்போதும் 160. திருப்பிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு ஸ்னாக் எழுதினாள். ஸ்னாக் என்பது அங்கே பழுதுக்குப் பெயர். “அந்த விமானம் எப்பவும் அப்படித்தாம்மா, காலையில நாலு பேர் போயிட்டு வந்தாங்களே” என்றாராம் பயிற்றுநர். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. மதியமே அதே விமானத்தில் வேறொரு பையன் போனான், பத்திரமாக வந்தான். அதோடு அவள் பயந்தாங்கொள்ளி ஆகிவிட்டாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் பறக்கும் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் மேகம், விமானம் இல்லை, பயிற்றுநர் விடுப்பு. எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஹாஸ்டலில் இருந்த மற்ற பிள்ளைகள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்கள்: ஸ்னாக் எழுதினால் பதினோரு நாள்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பாளராக. அதையும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் முடித்திருக்க வேண்டும். பணம் முன்னாலேயே கட்டியாகிவிட்டது. வட்டி ஓடுகிறது. ஒன்றரை வருடம் என்று சொல்லிச் சேர்த்தது, மூன்றாவது வருடமும் நடக்கிறது. விமானம் ஒன்று, வரிசையில் பிள்ளைகள் பதினைந்து. இரண்டு வாரம் பறக்காமல் இருந்தவளுக்குத் திடீரென்று ஒருநாள் காலை பெயர் வருகிறது. காற்று சரியில்லை, ராத்திரி தூக்கமில்லை, கை பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. அப்போது இருபது வயதுப் பிள்ளை ‘இன்னிக்கு வேணாம் சார்’ என்று சொல்வாள் என்று நினைக்கிறீர்களா? நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்ல மாட்டேன். விதிப் புத்தகத்தில் அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. விமானத்தின் பொறுப்பாளர் அவள்தான், முடிவு அவளுடையதுதான். ஆனால் அந்த உரிமைக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கட்டுவது அவளும் என் வங்கிக் கணக்கும்.

பயிற்றுநர்களை வில்லன்களாக்க எனக்கு மனமில்லை. என் நோட்டிலேயே அவர்களும் செத்திருக்கிறார்கள். நேற்று மாணவராக இருந்து இன்று பயிற்றுநர் இருக்கையில் உட்கார்ந்து, மணிக் கணக்கைச் சேர்த்துக்கொண்டு விமான நிறுவனத்தின் அழைப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்களாலும் மேலிடத்தில் ‘வேணாம்’ என்று சொல்ல முடியாது.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை, ஐயா. பணிமனையில் நானே செய்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு ஓட்டுநர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், லாக் ஷீட்டில் ‘பிரேக் இடது பக்கம் இழுக்கிறது’ என்று எழுதிக் கொண்டுவந்தார். மாற்று வண்டி இல்லை, திருவிழா நேரம். “ஒரு நடை ஓட்டுங்கண்ணே, ராத்திரி பாத்துக்கலாம்” என்றேன். ஓட்டினார். அந்த ராத்திரி வேறு வேலை வந்துவிட்டது, பார்க்கவில்லை. மறுநாளும் எழுதியிருந்தார், மூன்றாம் நாளும். நான்காம் நாளிலிருந்து எழுதவில்லை. சரியாகிவிட்டது போல என்று நானும் இருந்துவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து வேறெதற்கோ அந்தச் சக்கரத்தைக் கழற்றினால், லைனிங் தேய்ந்து ரிவெட் டிரம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது. “ஏண்ணே எழுதலே?” என்று கேட்டேன். “எழுதி என்ன ஆகப்போவுது போர்மேன்” என்றார். அந்தப் பன்னிரண்டு நாளும் அந்த வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய் வந்தார்கள். விபத்து எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் ஓட்டுநர் கவனக்குறைவு என்றுதான் பேப்பரில் வந்திருக்கும், லாக் ஷீட்டும் அதற்குத்தான் சாட்சி சொல்லியிருக்கும்.

அமெரிக்காவில் 1974 டிசம்பர் 1ஆம் தேதி, வாஷிங்டன் டல்லஸ் நிலையத்தில் இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. 514 என்ற போயிங் 727 வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். இறங்க அனுமதி கொடுத்தபோது எந்த உயரம் வரை இறங்கலாம் என்பதில் கட்டுப்பாட்டு அறைக்கும் விமானிக்கும் இடையே புரிதல் வேறுபட்டிருந்தது. விசாரித்தபோது வெளிவந்தது என்னவென்றால், ஆறு வாரத்துக்கு முன்னால் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்றும் அதே குழப்பத்தில் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள், நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. டி.டபிள்யூ.ஏ.வுக்கு அது போய்ச் சேரவில்லை.

அதிலிருந்துதான் 1976இல் அங்கே ஒரு ஏற்பாடு பிறந்தது. தப்பிப் பிழைத்த சம்பவத்தை விமானி எழுதி அனுப்பலாம், பெயர் வெளியே போகாது. இதில் என்னைக் கவர்ந்தது, அதை நடத்துவது யார் என்பதுதான். உரிமம் கொடுக்கிற, பறிக்கிற அமைப்பு அல்ல. விண்வெளி ஆய்வு செய்கிற நாசா. தண்டிக்கிறவர் கையில் யார் போய் வாக்குமூலம் கொடுப்பார்கள் என்று யோசித்திருக்கிறார்கள். வந்த கடிதங்களிலிருந்து பெயரை நீக்கிவிட்டு மாதா மாதம் ஒரு சிறு இதழாகவும் போடுகிறார்கள். என் பெண் அதைத்தான் படிக்கிறாள். இந்தியாவில் பறக்கக் கற்கும் பிள்ளைக்கு டெக்சாஸில் யாரோ ஒரு மாணவர் எப்படித் தப்பினார் என்று தெரியும், பக்கத்து மாநிலத்தில் என்ன நடந்தது என்று தெரியாது.

உங்களிடமும் தன்னார்வமாகத் தகவல் தரும் வழி இருக்கிறது. ஆனால் அந்தப் படிவம் போய்ச் சேருவது உங்களிடம். அவளுக்குத் தேர்வு வைப்பதும் உரிமத்தில் கையெழுத்திடுவதும் நீங்கள்தான். மாணவர் எழுதுவாரா? அதை உங்கள் கையிலிருந்தும் பள்ளியின் கையிலிருந்தும் எடுத்து மூன்றாவது ஒருவரிடம், ஒரு ஐ.ஐ.டி. ஆகட்டும், வேறு பொது நிறுவனம் ஆகட்டும், கொடுங்கள். பிராந்திய மொழிகளிலும் எழுதலாம் என்று ஆக்குங்கள். பயந்துபோன பிள்ளைக்கு ஆங்கிலம் வராது.

அடுத்து, எடை எதுவானாலும் பயிற்சி விமானம் விழுந்தால் முப்பது நாளில் ஒரே ஒரு பக்கம். குற்றவாளி யார் என்று வேண்டாம். விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல என்று அதே அனெக்ஸ் 13 சொல்கிறது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, இதே வகை விமானம் ஓட்டுகிறவர்கள் இப்போதைக்குக் கவனிக்க வேண்டியது இது. அவ்வளவுதான். அது ஒவ்வொரு பள்ளி வகுப்பறையிலும் சத்தமாகப் படிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, உங்கள் ஆய்வாளர்களுக்கு ஒரு வேலை. பள்ளிக்குப் போனால் ஸ்னாக் பதிவேட்டையும் தினசரிப் பறக்கும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழுது எழுதிய மாணவருக்கு, அல்லது வானிலை சரியில்லை என்று திரும்பி வந்த மாணவருக்கு, அடுத்த வாய்ப்பு எத்தனை நாள் கழித்து வந்தது? மற்றவர்களுக்கு எத்தனை நாளில் வந்தது? ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. பழுதே எழுதாத பதிவேடு கிடைத்தால் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் அங்கே உட்காருங்கள். நான் போர்மேனாக இருந்தபோது சுத்தமான லாக் ஷீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன், அதனால் சொல்கிறேன்.

2025 அக்டோபரில் முதல் முறையாகப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டீர்கள். மேலேயுள்ள இரண்டு படிகளில் ஒரு பள்ளியைக்கூட வைக்கவில்லை. அந்த நேர்மைக்கு நன்றி. பெற்றோர் பலர் அன்றுதான் முதன்முதலாக ஒரு நடுநிலையான தாளைப் பார்த்தோம். ஒரு பயம் மட்டும் உண்டு. சம்பவம் நடந்ததாக எழுதினால் மதிப்பெண் குறையும் என்றால் சம்பவம் குறையாது, எழுதுவதுதான் குறையும். எழுதியதற்கு மதிப்பெண் கூட்டுங்கள், மறைத்தது தெரிந்தால் குறையுங்கள். 2011இல் போலி மதிப்பெண் பட்டியலோடு உரிமம் வாங்கியவர்கள் பிடிபட்டபோது தாள்களைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டோம். தாளில் இல்லாததைத் தேடக் கற்பது இன்னும் மிச்சமிருக்கிறது.

கட்டணத்தைப் பற்றி நீட்டவில்லை. பறந்த மணிக்குத்தான் பணம் என்று ஒரு விதி வந்தால், நான் மேலே எழுதியதில் பாதி எழுத வேண்டியிருந்திருக்காது.

அடுத்த வாரம் என் பெண்ணுக்கு 300 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி. நம் கணக்கில் ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், இரண்டு நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும், தனியாக. அதே விமானம்தான். மேக்னெட்டோவை மாற்றிவிட்டார்களாம், அவள் எழுதிய நாளிலிருந்து இருபத்தாறாவது நாள். அவள் எழுதியதற்காக மாற்றினார்களா, வேறு காரணமா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. “கேக்கட்டுமாப்பா?” என்றாள். முதலில் இந்தப் பயணம் முடியட்டும், எதுவும் கேட்காதே என்று சொல்லிவிட்டேன். இந்த மடலில் பள்ளியின் பெயரும் அவள் பெயரும் என் பெயரும் இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

இப்படிக்கு,
ஒரு பயிற்சி விமானியின் அப்பா,
புதுக்கோட்டை மாவட்டம்.